ஒன்பது வெற்றிகள் அதிகம்

அத்தியாயம் 11

"கத்த வரேல்லை, அக்கா. ஒரு படம் காட்ட வந்தனான். பாத்திட்டுப் போ எண்டால் போயிடுறன்."

அனோஜினி கதவருகிலேயே நின்றாள். மழைக்கோட்டைக் கழற்றவில்லை. நீட்டிய கையில் கைபேசி இருந்தது.

எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று மெற்றில்டாவுக்குத் தெரியவில்லை. பதின்மூன்று நாட்களுக்கு முன், மோர்டன் மண்டபத்தில், நூற்றிருபது பேர் முன்னிலையில் திருடியவர் என்று இந்தப் பெண்ணின் பெயரை மைக்கில் வாசித்தவள் அவள்தான். "கிடைத்த ஆதாரங்களின்படி" என்று தொடங்கிய அறிக்கை அது. காப்புறுதிக் கம்பனியில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துப் பழகிய குரலில், தடுமாற்றம் இல்லாமல் வாசித்து முடித்தாள். கைதட்டல் கூடக் கிடைத்தது.

"இருங்கோ, அனோஜினி" என்றாள்.

"நிண்டு கதைக்கிறன்."

தென் லண்டனில், மிச்சம் என்ற ஊரில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைதான் மெற்றில்டாவின் விசாரணை நிலையம். இரண்டு மேசை, ஒரு இரும்பு அலுமாரி, கீழே கடையிலிருந்து ஏறி வரும் கருவாட்டு வாசம். இரண்டாவது மேசை செல்வரத்தினத்துடையது. முப்பத்தொரு வருடம் லண்டன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உதவியாளர் வேலைக்கு அவர் கேட்ட சம்பளத்தை விட அவருடைய நக்கல் பேச்சுக்குத்தான் விலை அதிகம் என்று மெற்றில்டா சொல்வாள். இன்று அவர் அனோஜினியின் பக்கம் திரும்பவே இல்லை. தன் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அனோஜினி கைபேசியை மேசையில் வைத்தாள்.

படத்தில் இருந்தவர் இராஜேந்திரன். வயது எழுபத்திரண்டு, தோர்ண்டன் ஹீத்தில் தனியாக வசிப்பவர், ரயில் நிலைய டிக்கெட் கவுண்டரில் காலம் முழுக்க இருந்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவருக்கு ஒரே ஒரு பைத்தியம். ஆயிரத்து எண்ணூற்று எழுபதுகளில், அமெரிக்காவில் பேஸ்பால் காசுக்கு விளையாடப்பட ஆரம்பித்த புதிதில், பந்து எறிந்த பிட்சர்கள் ஒவ்வொருவரும் எத்தனை ஆட்டம் வென்றார்கள், எத்தனை தோற்றார்கள், வெற்றி வீதம் என்ன என்று கணக்கிடுவது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு இது ஏன் என்று கேட்காதவர்கள் இல்லை.

அவரிடம் ஒரு கையெழுத்துப் புத்தகம் இருந்தது. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு லண்டன் திரும்பிய ஒரு குமாஸ்தா அந்தக் காலத்திலேயே எழுதிய ஆட்டக் கணக்கு. பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கியது. கடந்த ஜூலையில், அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் "சின்னட்டம்பி, சிலோன்" என்று, சின்னத்தம்பி என்பதன் ஆங்கில வடிவில், ஒரு பெயர் இருப்பதாக இராஜேந்திரன் அறிவித்தார். பன்னிரண்டு ஆட்டம் எறிந்து ஒன்பதில் வென்ற பிட்சர். வெற்றி வீதம் .750, அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து. அதே பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் எல்லாரையும் விட அதிகம்.

எங்கட ஆள்! மோர்டனிலிருந்து தோர்ண்டன் ஹீத் வரைக்கும் வேறு பேச்சே இல்லை. தமிழ்ச் சங்கம் சிறப்பு மலர் போட்டது. ரீசேட் சட்டைகளின் நெஞ்சில் சின்னட்டம்பியின் பெயர் வந்தது. அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வுக் குழு புத்தகத்தை நேரில் பார்க்க வருவதாக எழுதியது. அவர்கள் வர ஐந்து நாள் இருக்கும்போது புத்தகம் காணாமல் போனது.

சங்கம் மெற்றில்டாவைக் கூப்பிட்டது. இராஜேந்திரனின் வீட்டுக்குள் தினமும் போய் வந்தது ஒரே ஒருத்தி. காலையும் மாலையும் அவருக்கு மருந்து கொடுத்து, சமைத்து வைக்கும் பராமரிப்பாளர் அனோஜினி. அவளுடைய பையைத் திறக்கச் சொன்னபோது, புத்தகம் போட்டிருந்த பிளாஸ்ரிக் உறை உள்ளே இருந்தது. வழக்கு இரண்டு மணித்தியாலத்தில் முடிந்தது.

"இந்தப் படத்தை நான் ஜூலை பன்னிரண்டாம் திகதி எடுத்தனான்" என்றாள் அனோஜினி. "ரொறன்ரோவில இருக்கிற அவற்ர மகள் பிரசாந்தினிக்கு அனுப்பச் சொல்லி ஐயா கேட்டவர். என்ர போனில இடமில்லாமல் நான் அழிச்சுப் போட்டன். நேற்றுத்தான் ஞாபகம் வந்து பிரசாந்தினி அக்காட்டக் கேட்டு வாங்கினனான். புத்தகத்தின்ர ஓரத்தைப் பாருங்கோ."

மெற்றில்டா பார்த்தாள். இராஜேந்திரன் நாற்காலியில் சிரித்தபடி, புத்தகத்தை விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். பக்கங்களுக்கு வெளியே ஓர் அங்குலம் தெரிந்தது சிவப்புத் துணி உறை. பிளாஸ்ரிக் அல்ல.

"புதுத் துணி உறை போட்டது அண்டைக்குத்தான். பழைய பிளாஸ்ரிக்கைக் கழற்றி எனக்குத் தந்தவர். உம்மட ஷிப்ட் பேப்பர் நனையாமல் இருக்கும் எண்டு. களவு போனது செப்ரெம்பர் கடைசியில. உறை என்னட்ட இருந்தது ஜூலையிலயிருந்து."

மெற்றில்டாவின் காதுகள் சூடாயின. பை திறக்கப்பட்ட அன்றைக்கே இவள் "ஐயா தான் தந்தவர்" என்று சொன்னாள். மெற்றில்டா இராஜேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார். காட்டிக்கொடுக்க மனமில்லாத நல்ல மனிதர் என்று அந்த மௌனத்துக்கு அவளே ஓர் அர்த்தம் எழுதிக்கொண்டாள். அறிக்கையில் ஒரு வரியும் சேர்த்தாள்: "பாதிக்கப்பட்டவர் பெருந்தன்மையுடன் மௌனம் காத்தார்."

"வாற செவ்வாய்க்கிழமை எனக்கு வேலை தாற ஏஜென்சியில மீற்றிங். களவு எண்டு முடிவெடுத்தால் என்னை இனி ஒரு வீட்டுக்குள்ளயும் விட மாட்டினம்." அனோஜினி கைபேசியை எடுக்கக் கை நீட்டினாள்.

"பொறுங்கோ." செல்வரத்தினம் முதல் தடவையாகப் பேசினார். கைபேசியைத் தன் பக்கம் இழுத்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். "பொஸ், இந்த பஸ்ஸில ஆரோ டிக்கெட் எடுக்காமல் ஏறியிருக்கினம்."

"இப்ப உந்தக் கதை வேண்டாம், செல்வம் அண்ணை."

"கதையில்லை. நான் வாசிக்கிறன், நீங்கள் எழுதுங்கோ. இது அந்தச் சின்னட்டம்பி பக்கம். நாலு பிட்சரின்ர பேர் இருக்கு. முதல் ஆள் வெண்டது முப்பத்தொண்டு, தோத்தது பதினாலு. ரெண்டாவது ஆள் வெண்டது அஞ்சு, தோத்தது நாலு. மூண்டாவது, ரெண்டும் மூண்டும். கடைசியாய் எங்கட சின்னட்டம்பி, ஒன்பதும் மூண்டும்."

மெற்றில்டா எழுதினாள்.

"இப்ப அடி வரி. அது முழு அணியின்ர மொத்தம். வெண்டது முப்பத்தெட்டு, தோத்தது இருபத்தொண்டு. கூட்டிப் பாருங்கோ."

அவள் கூட்டினாள். நால்வரின் வெற்றிகள் நாற்பத்தேழு. தோல்விகள் இருபத்துநான்கு.

"ஒரு ஆட்டத்தில அணி வெண்டால் அந்த வெற்றி ஒரு பிட்சரின்ர பேரில மட்டும்தான் விழும். ராஜேந்திரன் அண்ணை மண்டபத்தில எத்தனை தரம் சொன்னவர், நித்திரை வாற அளவுக்கு! பஸ்ஸில ஐம்பத்தொன்பது பேர் ஏறினால் ஐம்பத்தொன்பது பேர்தான் இறங்கோணும். இதில எழுபத்தொரு பேர் இறங்கியிருக்கினம்."

மெற்றில்டா பேனையால் கடைசிப் பெயரை மறைத்தாள். மீதி மூன்று பேரின் வெற்றிகளையும் கூட்டினாள். முப்பத்தெட்டு. தோல்விகளைக் கூட்டினாள். இருபத்தொன்று. ஒரு புள்ளி பிசகவில்லை.

குமாஸ்தாவின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சின்னட்டம்பி ஏறும் வரைக்கும்.

அவள் இழுப்பறையிலிருந்து சங்கத்தின் சிறப்பு மலரை எடுத்தாள். நடுப்பக்கத்தில் அதே புத்தகப் பக்கம் வண்ணத்தில் அச்சாகியிருந்தது. நான்கு பெயர்களும் இருந்தன. அடி வரி இல்லை. சின்னட்டம்பிக்குக் கீழே பக்கம் நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது.

"மலருக்கு இந்தப் படத்தை ஆர் குடுத்தது?"

"ஐயாவேதான் ஸ்கான் பண்ணிக் குடுத்தவர். புத்தகத்தை ஒருத்தரையும் தொட விடுறேல்லை. அண்டைக்குச் சந்தோசத்தில என்னைப் படம் எடுக்க விட்டவர்." அனோஜினியின் முகம் மாறியது. "ஏன் அக்கா? என்ன விசயம்?"

"முழுப் பக்கமும் தெரியிற படம் உலகத்திலயே இது ஒண்டுதான்" என்றாள் மெற்றில்டா. "அனோஜினி, நான் உங்களிட்ட..."

"இப்ப வேண்டாம் அக்கா." அவள் கைபேசியை எடுத்துக்கொண்டாள். "படத்தை அனுப்பி விடுறன். முதல்ல புத்தகத்தைக் கண்டுபிடியுங்கோ. மன்னிப்பெல்லாம் பிறகு."

படிகளில் அவள் இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் இருவரும் இராஜேந்திரன் வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

பஸ்ஸின் மேல்தட்டில், முன் இருக்கையில் உட்கார்ந்தால் செல்வரத்தினத்துக்கு வாய் ஓயாது. டிரைவர் பிரேக் பிடிக்கும் விதத்துக்கு மார்க் போடுவார். இன்று டிரைவர் இரண்டு முறை உலுக்கியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன அண்ணை, சத்தத்தைக் காணேல்லை?"

"பொஸ், ஒரு விசயம் சொல்லோணும். 'பராமரிக்க வந்தவ புத்தகத்தையும் சேர்த்துப் பராமரிச்சுப் போட்டா' எண்டு ஒரு பகிடி சுத்தினது தெரியுமோ?"

"எனக்கே நாலு பேர் அனுப்பினவை."

"நான்தான் முதல் போட்டது. எங்கட பழைய டிரைவர்மாரின்ர வாட்ஸ்அப் குறூப்பில." அவர் கைபேசியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்டைக்கு நாற்பது பேர் சிரிச்சவை. நல்லாய் இருந்தது. நான் போட்டதை நான் அழிக்கலாம். மற்றவை அனுப்பினதை என்னெண்டு அழிக்கிறது?"

 மெற்றில்டாவின் அறிக்கையும் சங்கத்தின் இணையத்தளத்தில் இன்னும் இருந்தது.

செல்வரத்தினம் ஏதோ தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். தோர்ண்டன் ஹீத்தில் இறங்கும் முன் அனுப்பினார். அதே குறூப்புக்குத்தான் என்பது தெரிந்தது; என்ன எழுதினார் என்று அவள் கேட்கவில்லை.

இராஜேந்திரனே கதவைத் திறந்தார். முகச்சவரம் செய்து நாலு நாள் இருக்கும். அனோஜினிக்குப் பதிலாக ஏஜென்சி அனுப்பிய இரண்டு பேரையும் அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டிருந்தார். சமையலறையில் கழுவாத கோப்பைகள் வரிசையாக நின்றன.

"வாங்கோ பிள்ளை. வாரும் தம்பி. புத்தகம் கிடைச்சிட்டுதோ?"

"இல்லை ஐயா. ஒரு சின்னக் கணக்கு இடிக்குது. நீங்கள்தான் சொல்லித் தரோணும்."

கணக்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் நிமிர்ந்தார். பேஸ்பால் பைத்தியத்திடம் பொய்க்கு இடமிருக்கலாம்; இலக்கத்தில் பொய் சொல்ல அவருடைய நாக்குக்குப் பழக்கமில்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் மெற்றில்டா வந்திருந்தாள்.

"சின்னட்டம்பியின்ர அணி அந்த வருசம் எத்தனை ஆட்டம் வெண்டது?"

"முப்பத்தெட்டு." கேள்வி முடிய முன் பதில் வந்தது.

"தோத்தது?"

"இருபத்தொண்டு. வெற்றி வீதம் .644. அமெரிக்காப் பழைய பேப்பரிலயும் அதேதான் இருக்கு."

"அப்ப அந்த அணியின்ர பிட்சர்மார் எல்லாரையும் கூட்டினால்?"

"அதேதானே வரோணும், முப்பத்தெட்டு..." அவர் நிறுத்தினார்.

 தெருவில் யாரோ குப்பைத் தொட்டியை உருட்டிப் போனார்கள்.

"நாற்பத்தேழு வருகுது, அண்ணை" என்றார் செல்வரத்தினம் மெதுவாக.

மெற்றில்டா அனோஜினியின் படத்தை அவர் முன் வைத்தாள். அவர் அதை அதிக நேரம் பார்க்கவில்லை. தன்னுடைய சிரிப்பைப் பார்க்க அவருக்கே பிடிக்காதது போல முகத்தைத் திருப்பினார்.

"எப்ப எழுதினீங்கள், ஐயா?"

"மே மாதம்." குரல் வறண்டிருந்தது. "மூண்டு பேருக்குக் கீழ ஒரு வரி வெறுமையாய் இருந்தது. பழைய பேனையும் மண்ணிற மையும் வாங்கினன். அந்தக் குமாஸ்தாவின்ர எழுத்தை மூண்டு கிழமை பழகினன்."

"ஏன்?"

அவர் மூலையில் கணினி இருந்த மேசையைக் காட்டினார்.

"அந்த அமெரிக்கக் குழுவில நான் பதினெட்டு வருசம். மாசத்துக்கு ஒருக்கால் கொம்பியூட்டரில கூடுவினம். புதுசாய் ஒருத்தர் வந்தால் எல்லாரையும் விட்டிட்டு என்னட்டத்தான் கேப்பார்: உங்களுக்கும் இந்த விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? மரியாதையாய்த்தான் கேப்பினம். கிரிக்கெட் நல்லாய்த் தெரியும் என்ன எண்டும் கேப்பினம். நான் அவையின்ர பிழையை எத்தனை தரம் திருத்திக் குடுத்திருக்கிறன், தெரியுமோ? நன்றி எண்டு எழுதுவினம். அடுத்த மாசம் இன்னொருத்தர் வருவார், அதே கேள்வி. ஒருநாள் சொல்லிப் போட்டன், எங்கட ஆள் ஒருத்தர் அந்தக் காலத்திலயே விளையாடினவர் எண்டு. வாய் தவறிச் சொல்லேல்லை, பிள்ளை. சொல்லோணும் எண்டுதான் சொன்னன். எல்லாரும் எழுதுறதை நிப்பாட்டிப் போட்டு என்னைப் பாத்தவை. முதல் தரமாய்."

"பிறகு ஆதாரம் கேட்டிருப்பினம்."

"கேட்டவை."

"ஒண்டு விளங்கேல்லை, அண்ணை" என்றார் செல்வரத்தினம். "எழுதினது எழுதினியள். ஒரு ஆட்டம் விளையாடி ஒரு ஆட்டம் தோத்தவர் எண்டு எழுதியிருந்தால் ஒருத்தரும் அடி வரியைப் பாத்திருக்க மாட்டினம். ஒன்பது வெற்றி எதுக்கு?"

இராஜேந்திரனின் கழுத்து வரை சிவந்தது. வெட்கம் என்பதை எழுபத்திரண்டு வயது முகத்தில் அவ்வளவு பச்சையாக மெற்றில்டா பார்த்ததில்லை.

"ஒண்டு போடத்தான் நினைச்சன். கை நிக்கேல்லை. முதல் ஆளின்ரை .689. அதை விடக் கூட வரோணும் எண்டு..." அவர் முடிக்கவில்லை. "மொத்தம் இடிக்கும் எண்டு எழுதி முடிச்ச உடனேயே தெரியும். அடி வரி பழைய மை. அதைத் தொட எனக்கு மனம் வரேல்லை. அதுதான் வெட்டிப் போட்டு ஸ்கான் பண்ணினன். அவை நேரில வாறம் எண்டு எழுதின அண்டைக்கு எனக்கு நித்திரை இல்லை."

"அனோஜினியின்ர பையில உறையைக் கண்டபோது?"

"தெரியும், நான் குடுத்ததெண்டு. வாயைத் திறந்திருந்தால் அடுத்த கேள்வி என்னட்ட வந்திருக்கும். அந்தப் பிள்ளை என்னைப் பாத்துக்கொண்டு நிண்டது. நான் நிலத்தைப் பாத்தன்." அவர் கண்களைத் துடைக்கவில்லை. "மூண்டு வருசம் எனக்கு மருந்து தந்த கை."

மெற்றில்டாவுக்கு அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவருடைய மௌனம் ஒரு பாதி என்றால், அதைப் பெருந்தன்மை என்று மைக்கில் வாசித்தது மறு பாதி. அதை வாசித்தவள் இவள்.

"புத்தகத்தை எரிச்சிட்டீங்களோ?"

"எரிக்கிறதோ!" அவர் உண்மையாகவே பதறினார். "ஒன்பது வருசம் அந்த மனுசன் மழை வெயில் பாராமல் போய்ப் பாத்து எழுதினது. பிட்சரின்ர வெற்றி, தோல்வியை ஒருத்தரும் தனியாய் எழுதாத காலத்தில தானாய் யோசிச்சு எழுதினவன். அந்தப் புத்தகத்தில பொய் என்ர ஒரு வரி மட்டும்தான்."

"அப்ப எங்கை இருக்கு?"

அவர் மெற்றில்டாவை நேராகப் பார்த்தார். அவர்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"உங்களிட்ட."

"என்ன?"

"முதல் நாள் நான் மூண்டு பெட்டி தந்தனான். என்ர பழைய கட்டுரைகள், விசாரணைக்கு உதவும் எண்டு. நீங்கள் கையெழுத்து வைச்சு வாங்கினீங்கள். மூண்டாவது பெட்டியில, அடியில இருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "தேடுற ஆளின்ர அலுமாரியில ஒருத்தரும் தேட மாட்டினம் எண்டு நினைச்சன்."

இதற்கு ஒரு பகிடி இருந்தது. எந்த நாளிலும் செல்வரத்தினம் அதை விட்டிருக்க மாட்டார். இன்று அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

மெற்றில்டா எழுந்தாள். "சப்பாத்தைப் போடுங்கோ, ஐயா. எங்களோட வாங்கோ."

மெற்றில்டாவின் அறையில், இரும்பு அலுமாரியின் அடித்தட்டில், மூன்று பெட்டிகளும் தந்தபடியே இருந்தன. முதல் பெட்டியின் கயிறு மட்டும் ஒருமுறை அவிழ்க்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டையும் அவள் தொடவே இல்லை. குற்றவாளி இரண்டு மணித்தியாலத்தில் கிடைத்துவிட்டபோது பழைய கட்டுரைகளை யார் வாசிப்பது?

மூன்றாவது பெட்டியைத் திறந்தாள். அச்சுத்தாள்கள், கடிதங்கள், அவற்றுக்கு அடியில் ஒரு துவாய். துவாய்க்குள் சிவப்புத் துணி உறை.

அவள் அனோஜினியின் பையைக் கவிழ்த்துக் கொட்டிய அன்று இது இங்கே இருந்தது. மோர்டன் மண்டபத்தில் கைதட்டல் வாங்கிய அன்று இது இங்கே இருந்தது. தினமும் இந்த அலுமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் அவள் தேநீர் குடித்தாள்.

பக்கத்தைப் புரட்டினாள். நான்காவது வரியின் மை மற்ற மூன்றைப் போலவே மங்கலாக, மிக அழகாக இருந்தது. தன் வாழ்நாளின் மிகச் சிறந்த கையெழுத்தில் இராஜேந்திரன் ஒரு மனிதனைப் படைத்திருந்தார். அவனுக்கு .750 கொடுத்திருந்தார்.

"சுரண்டி எடுத்து விடட்டோ?" என்று கேட்டார் அவர்.

"தொடாதேங்கோ. உங்கட குழுவுக்கு அதையும் காட்டுங்கோ. எப்ப எழுதினது, என்ன மை, எல்லாம் எழுதுங்கோ."

அவர் தலையசைத்தார். செல்வரத்தினத்தின் மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். மெற்றில்டா ஏஜென்சிக்கு எழுதினாள். அந்த இரண்டு கடிதங்களுக்கும் ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. "தவறான முடிவுக்கு வர நேர்ந்தது" என்று முதலில் எழுதியிருந்தாள். அடித்துவிட்டு, "நான் சரியாக விசாரிக்காமல் ஒரு நிரபராதியைத் திருடி என்று சொன்னேன்" என்று எழுதினாள். இராஜேந்திரன் அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டார். சங்கத்தின் செயலாளருக்கு மெற்றில்டா எல்லாவற்றையும் தொலைபேசியில் சொன்னாள். "ரீசேட் எல்லாம் அடிச்சாச்சே, அக்கா" என்றார் அவர்.

"நாளைக்கு மண்டபத்தில கூட்டம் இருக்குத்தானே? எனக்கு அதே மைக் வேணும்."

போனை வைத்ததும் இராஜேந்திரன் கேட்டார்: "நாளைக்கு நான் பேசுறன், பிள்ளை. ஆனா அந்தப் பிள்ளையின்ர வீட்டுக்கு மட்டும் நீங்கள் தனியாய்ப் போங்கோவன். எனக்கு அவவின்ர முகத்தில முழிக்க ஏலாது."

"எனக்கும் ஏலாதுதான், ஐயா" என்றாள் மெற்றில்டா. "வாங்கோ."

அனோஜினியின் வீடு பக்கத்துத் தெருவில், மூன்றாம் மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. இராஜேந்திரன் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினார். செல்வரத்தினம் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அனோஜினி கதவைத் திறந்தாள். மூன்று பேரையும் பார்த்தாள். இராஜேந்திரனின் வெளிறிய முகத்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது: "காலமை மருந்து குடிச்சீங்களோ?"

அவர் சுவரில் கை ஊன்றி அழத் தொடங்கினார்.

கேட்டதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தவள் போல அனோஜினி உதட்டைக் கடித்தாள். "புத்தகம் கிடைச்சுதோ?" என்று மெற்றில்டாவைக் கேட்டாள்.

"கிடைச்சிது. என்ர அலுமாரியிலதான் இருந்தது. ஐயா வைச்சவர். நான் பாக்கேல்லை. ஏஜென்சிக்கு எழுதி அனுப்பிட்டன், ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சு." மெற்றில்டா கடிதத்தின் பிரதியை நீட்டினாள்.

அனோஜினி அங்கேயே நின்று கடைசி வரி வரை வாசித்தாள். மடித்தாள். உள்ளே திரும்பி, "மேனுஷா, இங்க வா" என்று கூப்பிட்டாள்.

பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி பாடசாலைக் காற்சட்டையுடன் வந்து தாயின் பின்னால் நின்றாள்.

"இவளின்ர வகுப்பில நாலு தமிழ்ப் பிள்ளையள்" என்றாள் அனோஜினி. "அதில ரெண்டு பேர் இவளோட கதைக்கிறேல்லை. எனக்குச் சொன்னதை இவளுக்குச் சொல்லுங்கோ அக்கா. பேப்பரில இல்லை, வாயால."

பக்கத்து வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. யாரோ கேட்டுக்கொண்டு நின்றார்கள். மெற்றில்டா குரலைத் தாழ்த்தவில்லை.

"உங்கட அம்மா ஒண்டும் எடுக்கேல்லை. எடுத்தவ எண்டு எல்லாருக்கும் முன்னால சொன்னது நான். அது பிழை. முழுக்க முழுக்க என்ர பிழை."

மேனுஷா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அன்ரி, அப்ப நீங்க அம்மாட்ட முதலே கேட்டிருக்கலாம்தானே?"

"கேட்டனான், பிள்ளை." மெற்றில்டா அனோஜினியைப் பார்த்தாள். "அவ சொன்னதைத்தான் கேக்கேல்லை."

இராஜேந்திரன் ஏதோ சொல்ல முயன்றார். "பிள்ளை, நான்... நாளைக்கு மண்டபத்தில நானே எல்லாம்..."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் அனோஜினி.

"நாலு மணிக்கு" என்றார் செல்வரத்தினம்.

"வருவன். இவளும் வருவாள். முன் வரிசையில ரெண்டு கதிரை போட்டு வையுங்கோ. ஐயா, நாளைக்கு நீங்கள் நிலத்தைப் பாக்கக் கூடாது. என்னைப் பாத்துச் சொல்லோணும்."

அவர் தலையை நிமிர்த்தினார். பெரும் பாடுபட்டு, அவளுடைய கண்களைப் பார்த்தார். "ஓம்" என்றார்.

அவள் அவர்களை உள்ளே வரச் சொல்லவில்லை. கதவை அடித்துச் சாத்தவும் இல்லை. மூன்று பேரும் முதல் திருப்பம் வரை இறங்கும் மட்டும் திறந்த கதவில் நின்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்தினாள்.